மேஜருக்கு வெளியில பேப்பர் எடுக்கறது எப்படி? பாண்டி, கடலூர் யுஜி பசங்களுக்கு

காலேஜ் தொறந்து ரெண்டு வாரம் கூட ஆயிருக்காது, ஒரு ஃபார்ம் கைக்கு வரும். எம்டிசி (மல்டிடிசிப்ளினரி, அதாவது வேற துறை பேப்பர்) எது வேணும், மைனர் (மேஜருக்கு அடுத்த துணைப் பாடம்) எது வேணும், எஸ்இசி (ஸ்கில் பேப்பர்) எது வேணும்னு கேட்டிருக்கும், பத்து நிமிஷத்துல திருப்பி வாங்கிடுவாங்க. பக்கத்துல இருக்கவன் எதுக்கு டிக் அடிச்சானோ அதுக்கே நாமளும் அடிச்சிடுவோம், இல்லன்னா "அந்த மேடம் இன்டர்னல் அள்ளிப் போடுவாங்க"ன்னு சீனியர் சொன்னத நம்பி போடுவோம். இந்த ஃபார்ம எப்படி நிரப்பறது, அதுக்கு முன்னாடி என்ன யோசிக்கணும், அப்பறம் மூணு வருஷம் அத எப்படி இழுத்துட்டுப் போறதுன்னு தான் இங்க சொல்லப் போறேன்.

மொதல்ல கணக்கு பாத்துடலாம். பாண்டிச்சேரி யூனிவர்சிட்டிக்கு கீழ வர்ற காலேஜ்னா, தாகூர் ஆர்ட்ஸோ பாரதிதாசன் லேடீஸ் காலேஜோ கதிர்காமம் இந்திரா காந்தியோ, அங்க புது கல்விக் கொள்கை பேட்டர்ன் தான். இதுக்கு அடிப்படை யுஜிசி 2022 டிசம்பர்ல கொண்டு வந்த கிரெடிட் ஃப்ரேம்வொர்க். அதுபடி மூணு வருஷ டிகிரிக்கு குறைஞ்சது 120 கிரெடிட், நாலு வருஷம் ஹானர்ஸ்னா 160. 120ல மேஜருக்கு 60, மைனருக்கு 24, எம்டிசின்னு சொல்ற மல்டிடிசிப்ளினரிக்கு 9, ஸ்கில் பேப்பருக்கு 9, லாங்குவேஜுக்கு 8, மிச்சம் வேல்யூ ஆடட், இன்டர்ன்ஷிப் இப்படிப் போகும். இப்ப மைனர், எம்டிசி, ஸ்கில் மூணையும் கூட்டிப் பாருங்க, 42 வருது. உங்க டிகிரியில மூணுல ஒரு பங்குக்கு மேல அந்த ஃபார்ம்ல டிக் அடிக்கற வேலையில தான் இருக்கு, அத தான் பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு கேன்டீன் போயிடறோம்.

கடலூர் பக்கம் கதை வேற. தமிழ்நாடு அந்த பேட்டர்ன எடுத்துக்கல, இங்க பார்ட் ஒன்னு தமிழ், பார்ட் ரெண்டு இங்கிலீஷ், பார்ட் மூணு மேஜர், பார்ட் நாலு மத்தது, பார்ட் அஞ்சு எக்ஸ்டென்ஷன்னு பழைய கட்டமைப்பு தான், மொத்தம் 140 கிரெடிட். தேவனாம்பட்டினம் பெரியார் ஆர்ட்ஸ் இப்ப அண்ணாமலை யூனிவர்சிட்டிக்கு கீழ, மஞ்சக்குப்பம் செயின்ட் ஜோசப் மாதிரி அட்டானமஸ்னா அவங்க சிலபஸ அவங்களே போட்டுக்கறாங்க. இங்க வேற டிபார்ட்மென்ட் பேப்பர் படிக்க ரெண்டே வாசல் தான். ஒன்னு என்எம்இ, அதாவது நான் மேஜர் எலெக்டிவ், ஃபர்ஸ்ட் இயர் ரெண்டு செம்லயும் ஒவ்வொன்னு, ரெண்டு ரெண்டு கிரெடிட். இன்னொன்னு மேஜருக்கு துணையா வர்ற பாடம், அலைட்னு நம்ம அண்ணன் அக்காங்க சொன்னது, இப்ப ஜெனரிக் எலெக்டிவ்னு பேர் மாத்திட்டாங்க. ஸ்கூல்ல தமிழே படிக்காதவங்களுக்கு என்எம்இ இடத்துல பேசிக் தமிழ் வந்து உக்காந்துடும், அவங்களுக்கு ஒரு வாசல் தான் மிச்சம். இதுக்கு மேல நான் முதல்வன் கோர்ஸ் இருக்கு, 2022 மார்ச்ல ஆரம்பிச்சது, ஆனா அது வேலைக்கான ட்ரெயினிங், அத இதுல சேக்க வேணாம்.

சரி, எப்படி செலக்ட் பண்றது. நான் எல்லாருக்கும் சொல்றது ஒன்னே ஒன்னு தான், பேப்பர் லிஸ்ட்ட பாக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்விய புடிங்க. உங்க மேஜர மட்டும் வச்சு பதில் சொல்ல முடியாத கேள்வியா இருக்கணும், நம்ம ஊர்ல நடக்கறதா இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா பஸ்ஸு ஏறி போயி பாத்துட்டு வந்துடலாம். அந்த கேள்விக்கு எந்த எந்த டிபார்ட்மென்ட் தேவப்படுதோ அங்க எம்டிசி எடுக்கறோம், அதுல ஒன்ன மைனரா வளக்கறோம், இன்டர்ன்ஷிப்பும் ப்ராஜெக்ட்டும் அதுலயே போயி முடியுது. இது இல்லாம செம்முக்கு ஒன்னா சைக்காலஜி, டேலி, போட்டோகிராஃபின்னு எடுத்தீங்கன்னா கல்யாணத்துல மொய் வைக்கிற மாதிரி டிபார்ட்மென்ட்டுக்கு மூணு கிரெடிட் வச்சிட்டு வந்த கதை தான், உங்க பேர் எந்த நோட்டுலயும் பெருசா இருக்காது.

உதாரணத்துக்கு நம்ம பாண்டி பீச்சையே எடுத்துக்கோங்க. காந்தி சிலைக்கு முன்னாடி அவ்வளவு பெரிய கருங்கல்லு குவிச்சு வச்சிருக்காங்களே, ஒரு காலத்துல அங்க மணல் தான இருந்துச்சுன்னு வீட்டுல பெரியவங்கள கேட்டா சொல்லுவாங்க. அந்த மணல் எங்க போச்சு? இத ஒரு பிஎஸ்சி பிசிக்ஸ் படிக்கற பொண்ணு கேக்குதுன்னு வச்சுப்போம். அல கரைய சாய்வா அடிக்கும் போது மணலயும் கரையோரமாவே நகத்திட்டுப் போகும், நம்ம கடற்கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அது தெக்கேருந்து வடக்க போகுது, வடகிழக்கு பருவமழ நேரத்துல மட்டும் திரும்புது. 1980கள் கடைசியில அரியாங்குப்பம் ஆறு முகத்துவாரத்துல துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு சுவர் கட்டினாங்க. மணல் அந்த சுவத்துக்கு தெக்கால தேங்கி நின்னுடுச்சு, வடக்க இருந்த நம்ம பீச்சுக்கு வர வேண்டியது வரல, கடல் அரிச்சுட்டே போச்சு. இது வரைக்கும் அந்த பொண்ணோட மேஜரே போதும்.

இதுக்கப்பறம் தான் சிக்கல். கல்லு கொட்டி ஒரு எடத்த காப்பாத்தினா அரிப்பு நிக்கல, வடக்க நகந்து சோலை நகர், அதத் தாண்டி கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம்னு போயிடுச்சு, அது விழுப்புரம் மாவட்டம், அதாவது வேற கவர்ன்மென்ட். ஒரு அரசு கட்டின சுவத்தால இன்னொரு அரசோட எல்லையில வீடு போனா யாரு பொறுப்பு? இது பொலிட்டிக்கல் சயின்ஸ். கடலுக்கு இவ்வளவு தூரத்துல கட்டடம் கட்டக் கூடாதுன்னு 1991லேருந்து கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு இருக்கு, 2011லயும் 2019லயும் அத திருத்தி விட்டாங்க, இது சட்டம். கட்டுமரம் இழுத்து வைக்க மணலே இல்லன்னா மீனவர் என்ன பண்ணுவாங்க, வலைய எங்க காய வைப்பாங்க, கருவாடு எங்க காயும், அது சோஷியாலஜியும் எக்கனாமிக்ஸும். 2018ல சென்னையில இருக்கற தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணிக்கு அடியில ஒரு ரீஃப், அதாவது அலையோட வேகத்த கொறைக்கற தடுப்பு போட்டாங்க, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல மறுபடியும் மணல் சேர ஆரம்பிச்சது, அது இன்ஜினியரிங். இப்ப அந்த பொண்ணு ஃபார்ம வாங்கினா கை நடுங்காது. மொத செம் எம்டிசிக்கு பொலிட்டிக்கல் சயின்ஸோ சோஷியாலஜியோ, ரெண்டாவதுக்கு எக்கனாமிக்ஸ், ஸ்கில் பேப்பர்ல ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் போடறது) இருந்தா கண்ண மூடிட்டு எடுக்கலாம், ஏன்னா பழைய சாட்டிலைட் படத்தையும் புது படத்தையும் மேல மேல வச்சு கரை எவ்வளவு நகந்திருக்குன்னு அதுல தான் அளக்க முடியும்.

கேள்வி பெருசா இருக்கணும்னு அவசியமில்ல. பண்ருட்டியிலேருந்து கடலூர் வந்து பிகாம் படிக்கற தம்பி, வீட்டுல முந்திரி தோப்போ, அம்மா முந்திரி கம்பெனிக்கு வேலைக்கு போறவங்களோ இருக்கலாம். டபிள்யூ 320, டபிள்யூ 240ன்னு டின்னுல ஒட்டி இருக்கும் பாருங்க, அந்த நம்பர் ஒரு பவுண்டுக்கு எத்தன பருப்பு நிக்கும்ங்கற கணக்கு, நம்பர் கம்மின்னா பருப்பு பெருசு, வெல கூட. இது காமர்ஸ். ஆனா அதே கொட்டைய ஒடைக்கற அக்காங்க கை ஏன் கருத்து தோல் உரிஞ்சு கெடக்கு? ஓட்டுல இருக்கற எண்ணெயில அனகார்டிக் ஆசிட்னு ஒன்னு இருக்கு, அது தோல்ல பட்டா பொசுக்கும், இது கெமிஸ்ட்ரி. அதே எண்ணெய் பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகுது, அப்ப அது திரும்ப காமர்ஸ். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல இந்த மாவட்டத்துல முந்திரியும் பலாவும் வேரோட சாஞ்சுதே, புது கன்னு வச்சு காய்க்கற வரைக்கும் அந்த குடும்பம் எத வச்சு கடன் கட்டுச்சுங்கறது இன்னொரு கேள்வி. பிகாம் பையனுக்கு என்எம்இ நாலு கிரெடிட் தான் இருக்கு, சரி, அத கெமிஸ்ட்ரியிலயும் பாட்டனியிலயும் போடட்டும், மூணாவது வருஷ ப்ராஜெக்ட்ட முந்திரியில போடட்டும். ஈ காமர்ஸ் ஒரு பார்வைன்னு ஊர் பூரா போடற ப்ராஜெக்ட்ட விட இத வைவால எக்ஸ்டர்னல் உக்காந்து கேப்பாரு.

கெமிஸ்ட்ரி பசங்களுக்கு அரிக்கமேடு இருக்கு. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டின எடம், ரோம் நாட்டோட வியாபாரம் நடந்ததுக்கு பான ஓடு கெடச்சது, கண்ணாடி மணி அங்கயே செஞ்சிருக்காங்க. அந்த மணிக்கு நெறம் எந்த உலோகத்துலேருந்து வந்துச்சுன்னு கேட்டா ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் வாசல்ல போயி நின்னுடுவீங்க. நெய்வேலி நிலக்கரி, சிப்காட் பக்கத்து கிராமத்து நிலத்தடி தண்ணி, பிச்சாவரம் அலையாத்தி காடு, இதெல்லாம் நான் விளக்க வேணாம், கடலூர்காரங்களுக்கு தெரியும்.

கேள்வி ரெடின்னா அடுத்து பேப்பர சோதிக்கணும், இத தான் யாரும் பண்றதில்ல. பேப்பர் பேர பாத்து ஏமாறாதீங்க, பேர் பிரமாதமா வைப்பாங்க, உள்ள யூனிட்ட படிச்சா பன்னெண்டாவது புக்கு தான் இருக்கும். யூனிவர்சிட்டி சைட்ல சிலபஸ் பிடிஎஃப் இருக்கும், அஞ்சு யூனிட்டையும் படிங்க, கடைசியில டெக்ஸ்ட் புக் லிஸ்ட்ட பாருங்க, அந்த புக்கு லைப்ரரியில இருக்கான்னு போயி கேளுங்க. அப்பறம் போன வருஷ கொஸ்டின் பேப்பர். அதுல அஞ்சு மார்க் பத்து மார்க் எல்லாமே வரையறு, பட்டியலிடுன்னே இருந்தா அந்த பேப்பர் மனப்பாடம், உங்க கேள்விக்கு உதவாது. எடுக்கப் போற சார் யாருன்னும் விசாரிங்க, மார்க் போடுவாரான்னு இல்ல, கிளாஸுக்கு வருவாரான்னு, ஏன்னா எம்டிசி கிளாஸ்னா எல்லா டிபார்ட்மென்ட் பசங்களும் ஒன்னா உக்காந்து நூறு பேர் இருப்பாங்க, பல எடத்துல கெஸ்ட் லெக்சரர் தலையில கட்டிடுவாங்க, அவங்க பாவம் ஓடி ஓடி எடுப்பாங்க. இதுல கெஸ்ட் லெக்சரர் தான் மோசம்னு இல்ல, நல்லா எடுக்கறவங்க நெறைய பேர் அவங்க தான், ஆனா செம் நடுவுல ஆள் மாறினா பேப்பரே மாறிடும்.

ஒரு ரூல் முக்கியம். பன்னெண்டாவதுல படிச்ச பாடத்தையே எம்டிசியா எடுக்கக் கூடாதுன்னு யுஜிசி ஃப்ரேம்வொர்க்ல இருக்கு. பயோ மேத்ஸ் படிச்சிட்டு வந்துட்டு ஈஸியா இருக்கும்னு மறுபடி பயாலஜி எம்டிசி கேட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. எப்படியும் அதுல என்ன லாபம்.

மைனர் பத்தி. இத ஃபர்ஸ்ட் செம்லயே முடிவு பண்ணணும்னு சில காலேஜ்ல அவசரப்படுத்துவாங்க, ஆனா ஃப்ரேம்வொர்க் படி ரெண்டாவது செம் முடிவுல சொன்னா போதும், அது வரைக்கும் ருசி பாக்கத்தான் அந்த எம்டிசி. மேல சொன்ன 24ல ஒரே டிபார்ட்மென்ட்ல குறைஞ்சது 12 கிரெடிட் சேத்தா தான் அது மைனர்னு கணக்காகும். அதனால ஒரு செம்ல எக்கனாமிக்ஸ், அடுத்த செம்ல ஜர்னலிசம்னு தாவிட்டு கடைசியில எதுலயும் 12 வராம நிக்காதீங்க. ஒரு நோட்டுல கோடு போட்டு செம் வாரியா எழுதிட்டே வாங்க, ஆபீஸ்ல கணக்கு வச்சிருப்பாங்கன்னு நம்பாதீங்க. டைம்டேபிள் இடிக்கும், அது வரும். உங்க மேஜர் லேப் வெச்ச அதே மத்தியானம் மைனர் கிளாஸ் இருக்கும். ஃபார்ம் குடுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு டிபார்ட்மென்ட் டைம்டேபிளையும் ஃபோன்ல படம் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. இடிச்சா உங்க எச்ஓடி கிட்ட போகாதீங்க, அவங்க "அப்ப விட்டுடுப்பா"ம்பாங்க, அந்த டிபார்ட்மென்ட் எச்ஓடி கிட்ட போங்க, ஸ்டூடன்ட் வர்றான்னா அவங்களுக்கு சந்தோஷம், அவங்களே பேசி மாத்தி விடுவாங்க.

காலேஜ்ல அந்த டிபார்ட்மென்ட்டே இல்லன்னா? நம்ம ஊர் பக்கத்துல இது பெரும்பாலும் நடக்கும், ஆந்த்ரபாலஜியோ ஜியாலஜியோ எல்லா காலேஜ்லயுமா இருக்கு. அப்ப ஸ்வயம். 2017லேருந்து ஓடற கவர்ன்மென்ட் ஆன்லைன் கோர்ஸ், ஒரு டிகிரியில 40 சதவீதம் வரைக்கும் இதுல எடுக்கலாம்னு யுஜிசி விதியே இருக்கு, ஆனா உங்க காலேஜ் அத ஒத்துக்கணும், இது தான் கொக்கி. அதனால சேர்றதுக்கு முன்னாடியே காலேஜ்ல ஸ்வயம் கோஆர்டினேட்டர் யாருன்னு கண்டுபுடிச்சு, இந்த கோர்ஸுக்கு கிரெடிட் ஏத்துவீங்களான்னு எழுதி கையெழுத்து வாங்கிடுங்க, வாய் வார்த்த வேணாம். ஸ்வயம்ல ஐஐடிங்க நடத்தற என்பிடெல் கோர்ஸ்னா பன்னெண்டு வாரத்துக்கு மூணு கிரெடிட், எட்டு வாரத்துக்கு ரெண்டு. சேர்றது ஃப்ரீ, பரீட்சைக்கு தான் காசு, சென்டருக்கு நேர்ல போயி எழுதணும். அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, அசைன்மென்ட்ல பத்தும் பரீட்சையில முப்பதும் தனித்தனியா வாங்கினா தான் சர்டிஃபிகேட். பசங்க கோட்ட விடறது அந்த வாரா வாரம் அசைன்மென்ட்ல தான், டெட்லைன் தாண்டினா ஏத்த முடியாது. பன்னெண்டு வார கோர்ஸுக்கு நல்லா பண்ண எட்ட மட்டும் எடுத்துக்குவாங்க, அதனால ஒன்னு ரெண்டு விட்டாலும் பயப்பட வேணாம். நெறைய கோர்ஸுக்கு தமிழ்ல எழுத்து வடிவம் குடுத்திருக்காங்க, இங்கிலீஷ் தடுமாறுதுன்னா மொதல்ல தமிழ்ல படிச்சிட்டு அப்பறம் வீடியோ பாருங்க.

கிரெடிட் எல்லாம் ஏபிசின்னு (அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்) ஒரு அக்கவுன்ட்ல சேரும், டிஜிலாக்கர்ல பன்னெண்டு நம்பர் ஐடி எடுக்கணும். ஆதார்ல இருக்கற பேரும் டென்த் மார்க் ஷீட்ல இருக்கற பேரும் இனிஷியல் முன்ன பின்ன இருந்தா அங்க தான் மாட்டும், இத ஃபர்ஸ்ட் இயர்லயே சரி பண்ணிடுங்க, ஃபைனல் இயர்ல அலையாதீங்க.

இன்னொன்னு கொஞ்சம் கசப்பா சொல்றேன். கவர்ன்மென்ட் வேல, முக்கியமா டீச்சர் வேல மனசுல இருக்கவங்க டிகிரியோட பேர கவனமா பாருங்க. மைனர் எத வேணா எடுங்க, அதுல பிரச்சன இல்ல, ஆனா மேஜரே ரெண்டு பாடம் கலந்த புது பேர்ல இருந்தா, இது அந்த பழைய டிகிரிக்கு சமம்னு அரசாணை இருக்கான்னு தேடணும். தமிழ்நாட்டுல இதுக்குன்னே ஈக்விவலன்ஸ் ஜிஓ போடறாங்க, இது சமம் இது சமமில்லன்னு லிஸ்ட்டே வரும். டிகிரி முடிச்சு, பிஎட் முடிச்சு, பரீட்சையும் பாஸ் பண்ணிட்டு சர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல வெளிய வந்தவங்க இருக்காங்க. கலந்து படிக்கறது வேற, கலந்த பேர்ல டிகிரி வாங்கறது வேற, மொதல்லத தாராளமா பண்ணுங்க, ரெண்டாவத விசாரிச்சிட்டு பண்ணுங்க. பிஜிக்கு வேற சப்ஜெக்ட் போகணும்னு இருக்கவங்களும் அந்த யூனிவர்சிட்டி ப்ராஸ்பெக்டஸ்ல எலிஜிபிலிட்டிய இப்பவே படிங்க, சிலது எந்த டிகிரின்னாலும் ஓகேம்பாங்க, சிலது அந்த சப்ஜெக்ட்ட மேஜராவோ அலைடாவோ படிச்சிருக்கணும்பாங்க.

ப்ராஜெக்ட்டும் இன்டர்ன்ஷிப்பும் வரும் போது பாண்டி பசங்க ஒரு எடத்த மறந்துடறாங்க. பீச் பக்கத்துல செயின்ட் லூயி தெருவுல பிரெஞ்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கே, 1955லேருந்து, ஒரே கட்டடத்துல சைவ ஓலச்சுவடி படிக்கறவங்களும் காட்டு மரத்த எண்ணறவங்களும் மகரந்தத்த மைக்ரோஸ்கோப்ல பாக்கறவங்களும் மேப் போடறவங்களும் இருக்காங்க. நம்ம காலேஜ்ல காகிதத்துல இருக்கறது அங்க நெசமா நடக்குது. காலேஜ் லெட்டர் ஒன்னு வாங்கிட்டு போயி லைப்ரரியில உக்காரலாமான்னு கேளுங்க. செலவில்லாம வேணும்னா ரோமன் ரோலண்ட் லைப்ரரி இருக்கவே இருக்கு, பழைய பேப்பர், கெசட் பாக்க அது போதும்.

ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டு கைடு வச்சுக்கோங்க, ஒருத்தர் மேஜர்லேருந்து, இன்னொருத்தர் மைனர்லேருந்து. ரூல்ல ஒருத்தர் தான்னா இன்னொருத்தர சும்மா வாய் வார்த்தையா கேட்டு வைங்க, அக்னாலெட்ஜ்மென்ட்ல பேர் போட்டுடலாம். ரெண்டு பேரும் ஒரே வார்த்தைய வேற வேற அர்த்தத்துல சொல்லுவாங்க, ஒருத்தர் கிராஃப் கேப்பாரு, இன்னொருத்தர் நாலு பேர் கிட்ட பேசிட்டு வான்னு அனுப்புவாரு, ரெண்டையும் செய்ங்க. ஃபீல்டுக்கு போகும் போது மீன்பிடி தெருவுலயோ முந்திரி கம்பெனியிலயோ நேரா கொஸ்டினர நீட்டாதீங்க. கேள்வித்தாள மடிச்சு பையில வச்சிட்டு முதல் நாள் சும்மா பேசிட்டு வாங்க, வேல நேரம் எது, ஓய்வு எதுன்னு தெரிஞ்சுட்டு ரெண்டாவது தடவ நோட்டோட போங்க. கம்பெனிக்குள்ளன்னா ஓனர் கிட்ட பர்மிஷன் கேக்கணும், ஆனா ஓனர் நிக்கும் போது எடுத்த பேட்டி எதுக்கும் உதவாது, அந்த அக்காங்கள சாயங்காலம் வீட்டுப் பக்கம் போயி பாருங்க, பேர் எழுத மாட்டேன்னு மொதல்லயே சொல்லிடுங்க.

ஃபார்ம்ல தப்பா டிக் அடிச்சு குடுத்துட்டவங்க இத படிச்சிட்டு தலையில கை வைக்க வேணாம். மொத ஒன்னு ரெண்டு வாரத்துக்குள்ள கேட்டா பெரும்பாலும் மாத்தி விடுவாங்க, எக்ஸாம் ஃபீஸ் கட்டற ஃபார்ம்ல பேப்பர் கோடு ஏறிடுச்சுன்னா தான் முடியாது. நாளைக்கு காலையில ஒரு வெள்ள பேப்பர்ல லெட்டர் எழுதிட்டு, எடுக்க நெனைக்கற டிபார்ட்மென்ட் எச்ஓடி கிட்ட மொதல்ல கையெழுத்து வாங்கிட்டு, அப்பறம் உங்க எச்ஓடி, அப்பறம் ஆபீஸ், இந்த வரிசையில போங்க. ஒரு ஜெராக்ஸ் கையில வச்சுக்கோங்க.